தாது வருஷப் பஞ்சத்தில் ரொட்டி ஊட்டிய சிறுமி: யார் இந்த ஐடா ஸ்கடர்?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடின்னா இன்னைக்கு தோல் தொழில்தான் ஞாபகத்துக்கு வரும். வேலூர்னா சிஎம்சி மருத்துவமனை. ஆனா சுமார் 150 வருஷத்துக்கு முன்னாடி, இந்தியாவின் மிகக் கொடிய பஞ்சங்களில் ஒன்று இந்தப் பாலாற்றுப் பகுதியையும் உலுக்கியது. அதை நேரில் பார்த்த ஒரு அமெரிக்கச் சிறுமிதான், பின்னாளில் சிஎம்சி-யை உருவாக்கிய ஐடா ஸ்கடர்.

எங்கே பிறந்தார்?

1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்கடர் மிஷனரி டாக்டர். தாத்தாவும் அதே பெயர், அதே வேலை.

தாது வருஷத்தில் நடந்தது என்ன?

1876-ல் பருவமழை பொய்த்தது. 1877-ல் தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டது. பசிபிக் கடல் வழக்கத்தைவிட சூடாகும் எல் நினோ இதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

அன்றைய வட ஆற்காடு மாவட்ட விவசாயம் ஏரியையும் கிணற்றையும் நம்பி நடந்தது. பாலாறு வருஷத்தில் பல மாதம் வெறும் மணல்தான். ஏரி காய்ந்ததும் பயிர் போச்சு. பசிக்கு விதை தானியமும் தீர்ந்தது. தீவனம் இல்லாமல் மாடுகள் செத்தன. உழவு மாடு இல்லாதவர், மழை வந்தாலும் ஏர் பூட்ட முடியாது. ஒரு வருஷ வறட்சி பல வருஷ கஷ்டமாக நீள்வது இப்படித்தான்.

நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு ஒரு கட்டத்தில் தினக்கூலி சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் காசும்தான். மழை திரும்பியபோது காய்ச்சலும் சேர்ந்து வந்தது. இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு.

அப்போ ஐடாவுக்கு ஆறேழு வயசு. ரொட்டியைக் கையில் வாங்கக்கூட தெம்பில்லாத குழந்தைகளுக்கு, பிட்டுப் பிட்டு வாயில் ஊட்டினார்.

அதனால்தான் டாக்டர் ஆனாரா?

இல்லை. நடந்தது நேர்மாறு. அப்பாவின் உடல்நிலை கெட, 1878-ல் குடும்பம் அமெரிக்கா போய் நெப்ராஸ்காவில் பண்ணை விவசாயம் பார்த்தது. பசியும் சாவும் பார்த்த ஊருக்குத் திரும்பவே கூடாது என்பதுதான் ஐடாவின் எண்ணம்.

அந்தப் புல்வெளி மண்ணும் மழையை நம்பியதுதான். 1890-லும் 1894-லும் அங்கே கடும் வறட்சி. குடியேறிய விவசாயிகள் பலர் நிலத்தை விட்டுவிட்டு, வண்டி கட்டிக் கிழக்கே திரும்பினார்கள். தாது வருஷத்தில் நம்மூர் ஏழைகள் பலருக்கு இருந்த வழி, இலங்கையின் காபித் தோட்டக் கூலி வேலை.

மனம் மாறியது எப்போது?

1890-ல் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் திண்டிவனம் வந்தார் ஐடா. ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டார்கள். ஆண் டாக்டரை அனுமதிக்க அவர்கள் தயாராக இல்லை. ஐடாவோ டாக்டர் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதுதான் திருப்புமுனை.

வேலூரில் என்ன செய்தார்?

1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சை தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை வந்தது. ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கிராமத்து மக்களைத் தேடி குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. முதல் பேட்சில் தேர்வு எழுதிய 14 பேரும் பாஸ்!

1960 மே மாதம், 89 வயதில் கொடைக்கானலில் காலமானார். பஞ்சத்துக்குப் பயந்து திரும்பக் கூடாது என்று நினைத்தவர், தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அதே மண்ணில்தான் கழித்தார்.