விஞ்ஞானி ஜேம்ஸ் ஜூல்

சென்ற மாதம் நம் கடைக்குப் பிஸ்கட் வாங்க வந்த பள்ளிப் பிள்ளை ஒருவன், பொட்டலத்தின் பின்புறத்தைக் காட்டி, இந்தக் கிலோஜூல் என்றால் என்ன நானா என்று கேட்டான். இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பொட்டலங்கள் ஆயிரக்கணக்கில் நம் கையால் விலைபோயிருக்கின்றன. ஆயினும் பதில் சொல்லத் தெரியவில்லை. மதரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் நின்றுபோன படிப்பு நம்முடையது. பிறகு விசாரித்தும் வாசித்தும் பார்த்ததில், ஜூல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்றும், அவரும் ஒரு வியாபாரியின் மகனே என்றும் அறிந்தோம். ஆகவே அன்னாரின் வரலாற்றை நம் அன்பர்களுக்குச் சொல்லத் துணிந்தோம்.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், 1818-ஆம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை அடுத்த சால்ஃபோர்டில் பிறந்தார். தகப்பனார் பீர் காய்ச்சி விற்கும் தொழிற்சாலைக்காரர். நமக்கு ஆகாத தொழில்தான். எனினும் உள்ளதை மறைத்து எழுதினால் அது சரித்திரம் ஆகாது. சிறு வயதில் முதுகெலும்பில் கோளாறு இருந்தபடியால் ஜூல் வீட்டிலேயே படித்தார். 1834-ல் இவரையும் இவர் சகோதரரையும் ஜான் டால்டன் என்ற பேர்பெற்ற ரசாயன அறிஞரிடம் பாடத்துக்கு அனுப்பினார்கள். 1837-ல் டால்டனைப் பாரிசவாயு தாக்கவே அந்தப் பாடமும் நின்றது. மாணவராகச் சர்வகலாசாலை வாசலை ஜூல் மிதித்ததே இல்லை.

தொழிற்சாலை வேலை போக மீதி நேரத்தில்தான் ஆராய்ச்சி. முதலில் அவரை இழுத்தது வியாபாரிக்குரிய கேள்வியே. நிலக்கரி தின்னும் நீராவி யந்திரத்துக்குப் பதிலாக, துத்தநாகம் போட்ட பாட்டரியால் ஓடும் மின்சார யந்திரம் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்த்தார். நல்ல நீராவி யந்திரம் ஒரு ராத்தல் நிலக்கரியில் செய்யும் வேலை, தம் யந்திரம் ஒரு ராத்தல் துத்தநாகத்தில் செய்வதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டார். துத்தநாகமோ நிலக்கரியைவிட விலை கூடியது. ஆசையை விட்டார், கணக்கை விடவில்லை.

அக்காலத்தில் உஷ்ணம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒருவகைத் திரவம், சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு ஓடுவது என்று அறிஞர் பலர் நம்பினர். ஜூல் அதை ஏற்கவில்லை. ஓடுகிற சக்கரம் உராய்ந்து நின்றால் அதன் சக்தி எங்கே போயிற்று? அழிந்துவிடவில்லை, உஷ்ணமாக மாறி வேறொரு பற்றில் ஏறிவிட்டது என்றார். அப்படியானால் இத்தனை வேலைக்கு இத்தனை உஷ்ணம் என்று மாறாத விகிதம் இருந்தாக வேண்டும். அதை அளந்து காட்டுவதில் அவர் வாலிபம் கழிந்தது.

அவர் செய்த உபாயம் இது. நீர் நிறைந்த செம்புப் பாத்திரம். உள்ளே துடுப்புகள் வைத்த சக்கரம். அதைச் சுற்றும் கயிறு கப்பிகள் வழியாகச் சென்று ஈய எடைகளில் முடியும். எடை இறங்கும், துடுப்பு சுழலும், நீர் கலங்கும். மறுபடி எடையை மேலே சுற்றி ஏற்றி, இவ்விதம் 20 தடவை இறக்கினாலும் நீரின் சூடு ஒரு பாரன்ஹீட் டிகிரியில் பாதிக்குச் சற்று மேல்தான் ஏறும். அறையில் நிற்கும் மனிதனின் உடம்புச் சூடே கணக்கைக் கெடுத்துவிடக்கூடிய வேலை. பீர் காய்ச்சும் இடத்தில் உஷ்ணமானியும் தராசும் அன்றாடக் கருவிகள். அந்தப் பழக்கம் கைகொடுத்திருக்கும் என்றே நமக்குப் படுகிறது. முடிவாக அவர் கண்டது: ஒரு ராத்தல் நீரை ஒரு டிகிரி சூடேற்ற, 772 ராத்தல் எடை ஓர் அடி இறங்க வேண்டும்.

இதைக் கேட்பார்தான் இல்லை. 1840-ல் ராயல் சொஸைட்டிக்கு அனுப்பிய கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் அச்சிட்டார்கள். 1843-ல் அயர்லாந்தின் கார்க் நகரில், அறிஞர் சபையில் தம் முதல் அளவைப் படித்தார். சபை மௌனமாக இருந்தது. எதிர்த்துப் பேசியிருந்தாலாவது ஆறுதல். நான்கு வருஷம் கழித்து 1847-ல் ஆக்ஸ்போர்டு சபையில் மறுபடி எழுந்தார். சுருக்கமாகச் சொல்லி முடிக்கும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். அங்கிருந்த வில்லியம் தாம்ஸன் என்ற இருபத்து மூன்று வயது வாலிபர், விஷயத்தின் கனத்தை உணர்ந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் போற்றியவர் இவரே. அன்று தொடங்கிய நட்பினால் ஜூலின் பேச்சுக்குச் செவி கிடைத்தது. 1850-ல் அதே ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது.

இந்த உண்மைக்கு நம் பக்கத்துத் தீவுக்கும் சம்பந்தமுண்டு. ஜூலியஸ் ராபர்ட் மேயர் என்ற ஜெர்மன் வைத்தியர், 1840-ல் கப்பல் வைத்தியராக ஜாவாவுக்கு வந்தார். அங்கே மாலுமிகளின் சிரை ரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருக்கக் கண்டு, உஷ்ண தேசத்தில் உடம்பு சூட்டுக்காகக் குறைவாகவே எரிக்கிறது என யோசித்து, இதே கருத்துக்கு வந்து 1842-ல் வெளியிட்டார். யார் முந்தியவர் என்று பிறகு சச்சரவு எழுந்தது. கருத்தை அச்சில் சொல்வதில் மேயர் முந்தினார். பல வழியில் அளந்து ஐயம் தீர்த்தது ஜூல். இருவருக்கும் உரியதைக் கொடுப்பதே நியாயம்.

1854-ல் ஜூலின் மனைவி காலமானார். அதை ஒட்டித் தொழிற்சாலையும் கைமாறியது. ஆராய்ச்சிக்குச் சொந்தப் பணமே செலவானதால் முதுமையில் கைச்சுருக்கம். 1878 முதல் அரசாங்கம் வருஷம் 200 பவுன் உதவிச் சம்பளம் கொடுத்தது. 1889 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு சக்தியின் அளவுக்கு ஜூல் என்று பெயரிட்டது. அதே வருஷம் அக்டோபர் 11-ல் அவர் கண்மூடினார்.

அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்ன பதில்: 25 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் சுமார் 250 ஜூல், ஆயிரம் ஜூல் ஒரு கிலோஜூல். பத்துக் கிராம் பிஸ்கட் ஒன்றில் ஏறக்குறைய 200 கிலோஜூல் இருக்கிறது, அதாவது 800 மூட்டை தூக்கும் சக்தி. ஒரு பிஸ்கட்டைத் தின்று 800 மூட்டையைக் கிட்டங்கியில் அடுக்க முடியுமா என்று சிரித்தான். முடியாது, தின்றதில் பெரும்பங்கை உடம்பு உஷ்ணமாகவே விட்டுவிடுகிறது, மூட்டை தூக்கும்போது வியர்ப்பது அதனால்தான் என்றோம்.

மான்செஸ்டரை அடுத்த சேல் என்ற ஊரில் ஜூலின் கல்லறை இருக்கிறது. 1878-ல் அவர் கடைசியாகத் திருத்திய அளவு, 772.55, அந்தக் கல்லின் தலைப்பில் வெட்டப்பட்டிருக்கிறது. இன்றைய நுட்பக் கருவிகள் காட்டும் அளவு சுமார் 778.