ஒரு மிதிவண்டியின் விலை

வறுமையை அளக்கப் பொருளியல் அறிஞர்கள் பல அளவுகோல்களை உருவாக்கியிருக்கிறார்கள். வருமானம், உணவின் கலோரி அளவு, குடும்பத்தின் உடைமைகள் எனக் கணக்கிட்டு அட்டவணைகள் தயாரிக்கிறோம். ஆனால், ஒரு ஏழைக் குடும்பம் தன் ஒரே உடைமையை இழக்கும்போது அந்த வீட்டுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை. 1948-இல் வெளியான ஓர் இத்தாலியத் திரைப்படம் அதைச் சொன்னது. 'பைசிக்கிள் தீவ்ஸ்' என்று உலகம் அறிந்த அப்படத்தை உருவாக்கியவர் விட்டோரியோ டி சிகா. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

ரோமுக்கும் நேபிள்ஸுக்கும் இடையே உள்ள சோரா என்ற சிற்றூரில் 1901 ஜூலை 7-ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தை உம்பர்ட்டோ வங்கி ஊழியர். இளமையின் ஒரு பகுதி நேபிள்ஸ் நகரில் கழிந்தது. 1923-இல் தத்தியானா பாவ்லோவாவின் நாடகக் குழுவில் சேர்ந்த டி சிகா, 1932-இல் மரியோ கமெரினியின் படமொன்றில் நடித்துப் பெரும் புகழ்பெற்றார். இனிய குரலும் வசீகரப் புன்னகையும் கொண்ட காதல் நாயகனாகவே இத்தாலி அவரை அறிந்திருந்தது. இந்த மனிதரிடமிருந்து தொழிலாளர் குடும்பத்தின் கண்ணீர் திரைக்கு வரும் என்று அன்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

1940-இல் இயக்குநரானார். எழுத்தாளர் செஸாரே ஸவாட்டினியுடன் ஏற்பட்ட நட்பு அவரது பாதையை மாற்றியது. எளிய மனிதரின் அன்றாட வாழ்க்கையே போதுமான கதை என்று நம்பியவர் ஸவாட்டினி. 1944-இல் ரோம் நகரம் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தபோது, கத்தோலிக்கத் திருச்சபைக்காக ஒரு படத்தை எடுத்துக்கொண்டிருந்தார் டி சிகா. யூதர்கள் உள்ளிட்ட பலருக்கு அந்தப் படப்பிடிப்பே புகலிடமாக இருந்தது. நேசப்படைகள் நகரை வந்தடையும்வரை படப்பிடிப்பை அவர் நீட்டித்துக்கொண்டே போனார்.

போர் முடிந்த இத்தாலியில் ஆலைகள் சிதைந்து கிடந்தன. இலட்சக்கணக்கானோர் வேலையின்றித் தவித்தனர். அமெரிக்கப் படைவீரர்களின் காலணிகளைத் துடைத்துப் பிழைத்த சிறுவர்களைப் பற்றி 1946-இல் 'ஷூ ஷைன்' படத்தை எடுத்தார். உள்நாட்டில் அது வசூலில் தோற்றது; அமெரிக்காவிலோ சிறப்பு ஆஸ்கர் விருது பெற்றது.

அடுத்த படத்துக்குப் பணம் தேடி அவர் அலைந்தார். ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் பணம் தர முன்வந்தார். ஆனால், கேரி கிராண்ட் நாயகனாக நடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. டி சிகா அதை ஏற்கவில்லை. இத்தாலியிலேயே பணம் திரட்டி, லம்பெர்த்தோ மஜ்ஜொரானி என்ற ஆலைத் தொழிலாளியைத் தேர்ந்தெடுத்தார். மகனாக நடித்த சிறுவன் என்ஸோ ஸ்டயோலாவும் நடிப்புத் தொழில் அறியாதவன்தான்.

கதை மிக எளியது. நெடுநாள் வேலையின்றி இருந்த ரிச்சிக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. வேலைக்கு மிதிவண்டி கட்டாயம். அதுவோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா கட்டிலில் விரித்திருந்த விரிப்புகளை உருவி, துவைத்து, அடகு வைக்க எடுத்துச் செல்கிறாள். அந்தப் பணத்தில் வண்டி மீட்கப்படுகிறது. வேலையின் முதல் நாளே வண்டி களவு போகிறது. காவல் துறைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. தந்தையும் மகன் புரூனோவும் ரோம் நகரத் தெருக்களில் வண்டியைத் தேடி அலைகிறார்கள். இறுதியில், நம்பிக்கை இழந்த தந்தை தானே ஒரு மிதிவண்டியைத் திருட முயன்று பிடிபடுகிறான். அதை மகன் பார்த்துவிடுகிறான்.

அடகுக் கடையில் ஒரு காட்சி உண்டு. மரியா கொடுத்த விரிப்புகளைச் சுமந்துகொண்டு ஊழியர் ஒருவர் உயரமான அடுக்குகளில் ஏறிச் செல்கிறார். கூரைவரை அதேபோன்ற மூட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் படுக்கை. சொற்கள் ஏதுமின்றி, ஒரு நாட்டின் பொருளாதார நிலையை அந்த ஒரு காட்சி உணர்த்திவிடுகிறது. வேலை இருந்தும் அதைச் செய்வதற்கான கருவி இல்லாதவன், வேலையற்றவனைவிட எவ்வகையிலும் மேலானவன் அல்லன் என்ற உண்மையைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் விளக்கிய எனக்கு, இதைவிடச் சிறந்த பாடம் கிடைத்ததில்லை.

படத்தின் தலைப்பு 'திருடன்' அல்ல, 'திருடர்கள்'. முதல் திருடனும் வறுமையில் உழல்பவனே. இரண்டாவது திருடன் நம் கண்முன்னே உருவாகிறான். தீய எண்ணத்தால் அல்ல, வேறு வழியின்மையால் நேர்மையாளன் ஒருவன் குற்றவாளியாவதைக் காட்டிய டி சிகா, அதற்குக் காரணமானவர் யார் என்ற கேள்வியைப் பார்வையாளரிடமே விட்டுவிட்டார்.

படத்துக்கு வெளியே நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. நடித்து முடித்து ஆலைக்குத் திரும்பிய மஜ்ஜொரானி பின்னர் ஆட்குறைப்பில் வேலை இழந்தார். திரைப்படத்தில் நடித்துப் பெரும்பொருள் ஈட்டியிருப்பார் என்று பிறர் கருதியதும் அவருக்கு எதிராக அமைந்தது. பின்னாளில் சிறு வேடங்களே கிடைத்தன. உலகமே போற்றிய ஒரு படம், அதன் நாயகனுக்கு நிலையான பிழைப்பைத் தரவில்லை.

1952-இல் டி சிகா எடுத்த 'உம்பர்ட்டோ டி' ஓய்வூதியம் போதாமல் தவிக்கும் முதியவரின் கதை. அதைத் தம் தந்தைக்குக் காணிக்கையாக்கினார். முதியவராக நடித்த கார்லோ பத்திஸ்தி உண்மையில் மொழியியல் பேராசிரியர். பிச்சை கேட்க நீட்டிய கையை, யாரோ நெருங்கியதும் மழை பெய்கிறதா என்று பார்ப்பவர்போல அவர் திருப்பிக்கொள்ளும் கணத்தை, ஓய்வூதியத்தில் வாழும் எவரும் எளிதில் மறக்க இயலாது. அப்போது திரைத் துறைக்குப் பொறுப்பாக இருந்த அரசியல் தலைவர் ஜூலியோ ஆண்ட்ரியாட்டி, இத்தகைய படங்கள் நாட்டின் பெயருக்குக் களங்கம் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். மக்களும் அப்படத்தைக் கைவிட்டனர். வறுமையை ஒழிப்பதைவிட, அதைக் காட்டுபவரைக் கடிந்துகொள்வது எப்போதும் எளிதாகவே இருக்கிறது.

டி சிகா குறைகளற்றவர் அல்லர். சூதாட்டப் பழக்கம் அவரை வாட்டியது. இழந்த பணத்தை ஈட்டவும் படங்களுக்கு முதலீடு திரட்டவும் கிடைத்த வேடங்களிலெல்லாம் நடித்தார். இலேசான நகைச்சுவைப் படங்களையும் இயக்கினார். அதற்கிடையிலும் 1960-இல் 'டூ வுமன்' வழியே சோபியா லோரனுக்கு ஆஸ்கர் விருது பெற்றுத்தரும் பாத்திரத்தை உருவாக்கினார். அவர் இயக்கிய நான்கு படங்கள் ஆஸ்கர் பெற்றன.

அவரது தாக்கம் இந்தியாவையும் எட்டியது. 1950-இல் இலண்டனில் 'பைசிக்கிள் தீவ்ஸ்' பார்த்த சத்யஜித் ராய், 'பதேர் பாஞ்சாலி'யை எடுக்கும் துணிவைப் பெற்றார். 1952-இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் அதைப் பார்த்த பிமல் ராய், மறு ஆண்டே 'தோ பிகா ஜமீன்' படத்தைத் தந்தார். நிலத்தைக் காக்கக் கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கும் அந்த விவசாயி, ரோம் நகர ரிச்சியின் உடன்பிறப்பு.

1974 நவம்பர் 13-ஆம் தேதி பாரிஸ் அருகே டி சிகா காலமானார். அதற்குள் இத்தாலி வளம் பெற்ற நாடாகிவிட்டது. ஆயினும், ஒரே ஓர் இழப்பில் நிலைகுலையும் குடும்பங்கள் உலகெங்கும் இன்றும் உள்ளன. அவர்களுக்கு இரக்கத்தைவிட, அந்த ஓர் இழப்பைத் தாங்கும் பாதுகாப்பே முதன்மையான தேவை. படத்தின் முடிவில் அவமானத்தால் குன்றி நடக்கும் தந்தையின் கையை அழுதபடி பற்றிக்கொள்கிறான் புரூனோ. அரசும் சமூகமும் நீட்டியிருக்க வேண்டிய கையை அங்கே ஒரு சிறுவன் நீட்டுகிறான்.