பறக்க ஆசைப்பட்ட பையன் – ஜே.ஆர்.டி. டாட்டா

நான் பிறந்து வளர்ந்தது நாக்பூரில். எங்கள் வீட்டுக்கு இரவு நேரக் கடிகாரமே தேவையில்லை என்று என் தகப்பனார் வேடிக்கையாகச் சொல்வார். காரணம், 1949 ஜனவரியில் தொடங்கிய இரவு விமானத் தபால். தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் கிளம்பும் விமானங்கள் நள்ளிரவு வாக்கில் நாக்பூரில் கூடும். தபால் பைகளை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். சென்னையில் பாட்டி முதல் நாள் மாலை போட்ட கடிதம் மறுநாளே எங்கள் கைக்கு வந்துவிடும்!

தபால் இலாகாவில் பணியாற்றிய தகப்பனார் ஒரு நாள் இரவு என்னை சோனேகாவ் விமான நிலையத்துக்கு அழைத்துப் போனார். அப்போது எனக்கு எட்டு வயது. விளக்கு வெளிச்சத்தில் நின்ற டக்கோடா விமானங்களைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். நம் நாட்டில் விமானத்தில் முதலில் தபால் கொண்டுவந்த இந்தியர் யார் என்று அவரைக் கேட்டேன். அன்றுதான் ஜே.ஆர்.டி. டாட்டாவின் பெயர் என் காதில் விழுந்தது. பின்னாளில் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தக் கதையைத்தான் அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஜே.ஆர்.டி. பிறந்தது பாரிஸில், 1904 ஜூலை 29 அன்று. தகப்பனார் பார்ஸி, தாயார் பிரெஞ்சுக்காரர். விடுமுறை நாட்களைக் குடும்பம் பிரான்ஸின் வடகரையில் உள்ள ஹார்டலோ என்ற கடற்கரை ஊரில் கழிக்கும். அங்கே அவர்களுடைய அண்டை வீட்டுக்காரர் யார் தெரியுமா? 1909-ல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் கடந்த லூயி பிளேரியோ! அவருடைய விமானம் அந்த மணலில் வந்து இறங்குவதைப் பார்த்த சிறுவனுக்கு ஆகாயப் பைத்தியம் பிடித்துவிட்டது. பதினைந்தாம் வயதில் அதே ஊரில் ஒரு விமானத்தில் ஏறி முதன்முதலாகப் பறந்தார். தானும் விமானி ஆவதென்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

ஆனால் உடனே நடக்கவில்லை. பம்பாயில் பறக்கும் சங்கம் ஏற்பட்ட பிறகே அவருக்கு வாய்ப்புக் கிட்டியது. 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம், எண் 1, அவர் கைக்கு வந்தது.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுன் பரிசு அறிவித்தார். மறு வருஷம், 1930-ல், ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து கிளம்பினார். எதிர்த் திசையில் இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்தவர் ஆஸ்பி எஞ்சினியர் என்ற பதினேழு வயதுப் பையன். வழியில் எகிப்தில் ஜே.ஆர்.டி. இறங்கியபோது, ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி அங்கே தவித்துக்கொண்டிருந்தார். போட்டியாளர்தானே என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஜே.ஆர்.டி. தன்னிடம் உபரியாக இருந்த பிளக்குகளைக் கொடுத்து உதவினார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று! அந்த ஆஸ்பி பின்னாளில், 1960-ல், இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதி ஆனார்.

1932 அக்டோபர் 15. லண்டன் தபால் கராச்சி வரை விமானத்தில் வரும். அதற்கு மேல் ரயில்தான். அன்று ஜே.ஆர்.டி. ஒற்றை எஞ்சின் கொண்ட பஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாக பம்பாய் ஜூஹுவில் வந்து இறங்கினார். ரேடியோ கிடையாது, நல்ல ஓடுதளமும் கிடையாது. ஆமதாபாத்தில் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது. பம்பாயிலிருந்து தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். இதுதான் ஏர் இந்தியாவின் ஆரம்பம். 1948 ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்ஸஸ்' விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தது.

1953-ல் அரசாங்கம் விமானக் கம்பெனிகளை நாட்டுடைமை ஆக்கியது. ஜே.ஆர்.டி.க்கு அதில் சம்மதம் இல்லை. இருந்தும் ஏர் இந்தியாவின் தலைவர் பொறுப்பை ஏற்றார். சம்பளம் வாங்காமல் உழைத்தார். ஒவ்வொரு பயணத்திலும் குறைகளைக் குறித்துக்கொள்வார். விமானத்தில் கொடுக்கும் தேநீரின் நிறத்தைப் பார்த்து அது காப்பியோ என்று சந்தேகம் வருகிறது என்று கூட எழுதி அனுப்பியிருக்கிறார். காப்பி விஷயத்தில் கறாரான நமக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா?

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1967-ல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்தவுடன் விமானி வேலைக்கு முயன்றேன். கண் பரிசோதனையில் தேறவில்லை. கண்ணாடி போட்டவனுக்கு அன்று வேறு வழி இல்லை. அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. குறை ஒன்றும் இல்லை. ஆனால் மனதில் ஒரு கசப்பு. தலைக்கு மேல் விமானம் போனால் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். பதினைந்து வருஷம் அப்படியே கழிந்தது.

1978 பிப்ரவரியில் ஜே.ஆர்.டி.யை ஏர் இந்தியா தலைவர் பதவியிலிருந்து அரசாங்கம் நீக்கியது. செய்தியை அரசாங்கம் நேரில் சொல்லவில்லை. அடுத்துப் பொறுப்பேற்கவிருந்தவர் மூலம்தான் அவருக்குத் தெரியவந்தது. 46 வருஷம் பிள்ளையைப் போல் வளர்த்த நிறுவனம்! படித்தபோது எனக்கே வயிறு எரிந்தது. இனி அந்த மனிதர் ஆகாயத்தைத் திரும்பிப் பார்ப்பாரா என்று நினைத்தேன்.

என் கணக்கு தப்பு. 1982 அக்டோபர் 15 அன்று, முதல் பயணத்தின் பொன்விழாவில், 78 வயது ஜே.ஆர்.டி. லெப்பர்ட் மாத் என்ற பழைய சிறு விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்து வந்தார். நான் அப்போது போபாலில் இருந்தேன். காலைப் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பதவியைத்தான் அவரிடமிருந்து எடுக்க முடிந்தது. ஹார்டலோ கடற்கரையில் பிறந்த ஆசையை எடுக்க முடியவில்லை. எனக்கோ கிடைக்காதது ஒரு வேலை மட்டும்தான். ஆசையை நானே அல்லவா மூட்டை கட்டி வைத்துவிட்டேன்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் ஏழு வயதுப் பையனை அழைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். வேலி ஓரத்தில் நின்று, விமானம் எப்படி மேலே எழும்புகிறது, இறக்கையின் வளைவு என்ன வேலை செய்கிறது என்று, படித்த பௌதிகத்தை வைத்து அவனுக்கு விளக்கினேன். அவனைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

ஜே.ஆர்.டி.க்கு 1992-ல் பாரத ரத்னா கிடைத்தது. 1993 நவம்பர் 29 அன்று ஜெனீவாவில் காலமானார். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மறுபடி டாட்டா குழுமத்திடம் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

என் பையன் விமானி ஆகவில்லை. வங்கியில் வேலை பார்க்கிறான். அதனால் என்ன? இன்றும் மொட்டை மாடியில் நிற்கும்போது விமானச் சத்தம் கேட்டால், நாங்கள் இருவரும் சேர்ந்தே நிமிர்ந்து பார்க்கிறோம்.