நீதிமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன்

பூந்தமல்லியிலோ அம்பத்தூரிலோ உள்ள நீதிமன்றத்தில் சேரியைச் சேர்ந்த ஒரு பெண் சாட்சி சொல்வது தமிழில். மேல்முறையீட்டில் அச்சொற்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை அடையும்போது ஆங்கிலமாகிவிடுகின்றன. அரசமைப்பின் 348ஆம் பிரிவு வகுத்த ஏற்பாடு அது. இடையில் நிற்பவர் மொழிபெயர்ப்பாளர். நீதிபதிகளைப் பற்றியும் வழக்குரைஞர்களைப் பற்றியும் ஓயாமல் பேசும் நாம், அவரைப் பற்றிப் பேசுவதேயில்லை. அந்தப் பணியைச் செய்தவர்தான் தாத்தா இரட்டைமலை சீனிவாசன்.

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் 1860இல் பிறந்தார். கோயம்புத்தூரில் படித்து, நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனங்களில் கணக்கராக இருந்து, 1890இல் சென்னை வந்தார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாக எறியப்பட்ட பெயரையே தலைப்பாக்கிய துணிவை நாம் அறிவோம். அதே ஆண்டு அவர் செய்த மற்றொரு காரியம் குறைவாகவே நினைக்கப்படுகிறது.

ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கோரிக்கைதான். ஆனால் அத்தேர்வில் வென்றவர்களே மாவட்ட ஆட்சியர்களாகவும் மாஜிஸ்திரேட்டுகளாகவும் வந்தார்கள். மாவட்ட நீதிபதிகளும் அவர்களிலிருந்தே வந்தார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடாதவர்களின் பிள்ளைகளே நம் மக்களின் வழக்கை விசாரிக்கும் நிலை அதனால் வரும். சீனிவாசன் 3412 பேரின் கையெழுத்துடன், 112 அடி நீளமுள்ள எதிர்ப்பு மனுவைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இதற்காக அவரை ஆங்கிலேயரின் ஆள் என்போர் இன்றும் உண்டு. அன்று அம்மனுவை வாங்கிக்கொள்ள வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

இதழில் வெளியான ஒரு கடிதத்துக்காக 1896இல் அவர்மீதே வழக்கு தொடரப்பட்டது. நூறு ரூபாய் அபராதம் கட்டினார். இதழ் 1900இல் நின்றது. பின்னர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டவர் தென்னாப்பிரிக்காவில் தங்க நேர்ந்து, அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரானார். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்கள் வாழ்ந்த நாடு அது. தமிழ் மட்டுமே அறிந்த கூலியின் வாக்குமூலம், ஆங்கிலம் மட்டுமே அறிந்த நீதிபதிக்கு இத்தகையவரின் நா வழியாகத்தான் எட்டியாக வேண்டும்.

தாயகம் திரும்பிச் சென்னை சட்டமன்ற உறுப்பினரானதும், 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுத் தெரு, கிணறு, குளம் ஆகியவற்றோடு அரசு அலுவலக வளாகங்களும் அதில் இடம்பெற்றன. எந்தச் சாதியினரும் அங்கே நுழையலாம் என்பதை 1925இல் அரசு ஆணையாக்கியது. 1930இல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்றார்.

1945 செப்டம்பர் 18இல் அவர் மறைந்தார். 1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் தலித் நீதிபதியாக ஏ. வரதராசன் அமர்ந்தது 1973இல்.