தமக்கைக்கு எழுதிய கடிதம்

மார்பகக் கட்டி அறுவை சிகிச்சை பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னியை நான் நினைத்துக்கொள்கிறேன். மயக்க மருந்து இல்லாத 1811ஆம் ஆண்டு. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே பாரிஸில் அவர் இல்லத்துக்கு வரவிருக்கும் செய்தி செப்டம்பர் 30 காலையில்தான் எட்டியது. கணவர் கலங்கக் கூடாதென்று அவரை வெளியே அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருந்தார் பர்னி. சிறிது மது அருந்தி, வலது மார்பகம் அகற்றப்படும் வேதனையை 20 நிமிடம் தாங்கினார்.

புண் ஆறியது, மனம் ஆறவில்லை. நடந்ததைத் தமக்கைக்குக் கடிதமாக எழுதி முடிக்கப் பல மாதங்கள் ஆயின. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் அவர் துணியவில்லை. 1840இல், 87 வயதில் மறைந்தார்.

இன்று பலருக்குக் கட்டியை மட்டும் அகற்றினால் போதும். ஆயினும் தையல் ஆறிய பின்னர் அப்பெண் பேச விரும்பினால், வீட்டார் பொறுமையுடன் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.