டொக்டர் மேரி ரட்ணம் (1873 – 1962)

நம் சகோதரிகள் பலர் இன்று வாழும் ரொறன்ரோவில் மருத்துவம் கற்று, யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கவென அமெரிக்க மிஷனால் தெரிவு செய்யப்பட்டவர் மேரி ஏர்வின். 1896இல் இலங்கைத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனக ரட்ணத்தை மணந்தார். தமிழரை மணந்த வெள்ளைக்காரப் பெண்ணை மிஷன் ஏற்க மறுத்துவிட்டது. இன்று படித்தாலும் எமக்குக் கோபம் வருகிறது. யாழ்ப்பாணம் இழந்தது; கொழும்பு பெற்றது. லேடி ஹவ்லொக் பெண்கள் ஆஸ்பத்திரியில் சிறிது காலம் பணியாற்றியபின் அங்கேயே தனியாக வைத்தியம் செய்தார்.

நம் பாட்டிமாரின் காலத்தில் பிரசவம் என்பது உயிரோடு விளையாட்டு. 1930களின் தொடக்கத்தில் இந்நாட்டில் ஆயிரம் பிரசவங்களுக்கு 20 தாய்மார் அளவில் இறந்தார்கள். அடுத்தடுத்துப் பெற்று இரத்தமின்றி வெளிறிய தாய்க்கு இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் மட்டும் போதுமா? அடுத்த பிள்ளையைச் சற்றுத் தள்ளிப்போடவும் வழி சொல்லவேண்டும். எதிர்ப்புகளின் நடுவே 1932இல் கொழும்பில் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையமொன்றைத் திறந்தார்.

அக்காலத்தில் மாத்திரை இல்லை. பெண்கள் தாமே கையாளக்கூடியதாக வைத்தியர்கள் பெரிதும் நம்பியது உள்ளே பொருத்தும் றப்பர் மூடி. அதைக் கடையில் வாங்கி அப்படியே பாவிக்க முடியாது. வைத்தியர் ஒவ்வொருத்திக்கும் அளவு பார்த்து, பொருத்தும் விதத்தையும் பழக்கவேண்டும். பிள்ளை பிறந்தபின் அளவு மாறும், மறுபடி பார்க்கவேண்டும். புதுமணப் பெண்ணுக்குப் பொருந்தியது நான்கு பிள்ளை பெற்றவளுக்குப் பொருந்தாது. இதையெல்லாம் ஆண் வைத்தியரிடம் போய்ச் சொல்ல நம் பெண்கள் துணிந்திருப்பார்களா? அவர் பெண்ணாயிருந்ததே பாதி மருந்து என்போம்.

பாடசாலைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். பெண்களின் வாக்குரிமைக்கு உழைத்தார். 1930இல் லங்கா மகிளா சமித்தியை நிறுவிக் கிராமப் பெண்களிடம் சென்றார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. ஏதோ சட்ட நுணுக்கம் காட்டி அந்த இடத்தைப் பறித்தார்கள். 1958இல் மகசேசே விருது கிடைத்தது.

1953இல் குடும்பத் திட்டச் சங்கம் உருவானபோது அவர் எண்பதை எட்டிக்கொண்டிருந்தார். 1962இல் காலமானார். தாய்சேய் நலச் சேவையோடு குடும்பத் திட்டத்தையும் சேர்த்து அரசாங்கம் நடத்தத் தொடங்கியது 1965இல். அவர் நிலையம் திறந்து 33 ஆண்டுகளின் பின்.