கத்தி வைக்காமல் குழந்தைகளைக் காப்பாற்றிய கோபன்ஹேகன் டாக்டர்

வளைகுடாவில் கைக்குழந்தை வைத்திருக்கும் நம்மவர்கள் எல்லோரும் ஒரு டாக்டரைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங். அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

போன வருஷம் ஷார்ஜாவில் நண்பர் ஒருவரின் எட்டு மாதப் பையன் திடீர் திடீரென்று வீறிட்டு அழுதான். காலை வயிற்றோடு மடக்கிக்கொள்வான், கொஞ்ச நேரத்தில் அடங்குவான், மறுபடி அழுவான். நேராக எமர்ஜென்சிக்குப் போனார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டது என்றார்கள். ஆபரேஷன் இல்லை. ஆசனவாய் வழியே காற்றைச் செலுத்திச் சரிசெய்தார்கள். மறுநாள் பையன் வீட்டில். இந்த வழியை யார் கொண்டுவந்தது என்று தேடியபோதுதான் ஹிர்ஷ்ஸ்ப்ருங் கிடைத்தார். நான் சாஃப்ட்வேர்காரன், மருத்துவன் இல்லை. படித்ததைச் சொல்கிறேன்.

1830-ல் கோபன்ஹேகனில் பிறந்தார். அப்பாவுக்குப் பெரிய புகையிலைத் தொழில். அந்த வியாபாரம் வேண்டாமென்று மருத்துவம் படித்தார். 1870-ல் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை டாக்டர் ஆனார். 1879-ல் அரசி லூயிஸ் பெயரில் புது மருத்துவமனை திறந்தது. ஏழைக் குழந்தைகளுக்கு அங்கே இலவச வைத்தியம். கட்டில்களுக்கு மேலே வேத வசனம் வைக்க அரசி விரும்பினாராம். இவரோ, குழந்தைகள் பார்க்க மிருகப் படங்கள்தான் வேண்டும் என்று நின்றாராம்.

அந்தக் காலத்தில் குடல் செருகல் என்றால் பெரும்பாலும் மரணம்தான். வயிற்றைத் திறந்தாலும் பிழைப்பது அபூர்வம். இவர் ஆசனவாய் வழியே தண்ணீரைச் செலுத்தி, அந்த அழுத்தத்தாலேயே செருகிய குடலை வெளியே தள்ளினார். 1876-ல் முதலில் எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895-ல்தான். அதுவரை கைதான் கண். 1905-ல் 107 குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார். இறந்தவர்கள் 35 சதவீதம். இன்றைக்கு அது பயங்கரமான எண். அன்றைக்கு அது பெரிய சாதனை. பிறவிப் பெருங்குடல் நோய் ஒன்றுக்கும் அவர் பெயரே நிலைத்தது. 1916-ல் காலமானார்.

இன்று தண்ணீரோ காற்றோ செலுத்தும்போது ஸ்கேனிலோ எக்ஸ்ரே திரையிலோ பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகிவிடுகிறது. யாருக்குச் சரியாகாது என்பதுதான் நமக்கு முக்கியம். முதல் காரணம் தாமதம். ஒரு நாள், இரண்டு நாள் என்று தள்ளத் தள்ளக் குடல் வீங்கும், ரத்த ஓட்டம் குறையும், வாய்ப்பும் குறையும். ஜெல்லி மாதிரி ரத்தமும் சளியும் வெளியே போவது, உடம்பில் நீர் வற்றிக் குழந்தை துவண்டுவிடுவது எல்லாம் நேரம் போய்விட்டதன் அடையாளம். ரத்தம் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. வயதும் ஒரு காரணம். மூன்று மாதத்துக்கும் குறைந்த சிசுவுக்கு இந்த முறை பலிப்பது குறைவு. பெரிய பிள்ளைகளுக்கு வந்தால், குடலுக்குள் கட்டி மாதிரி ஏதாவது காரணமாக இருக்கலாம். குடல் ஓட்டையாகிவிட்டாலோ குழந்தை அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டாலோ காற்று, தண்ணீர் பேச்சே கிடையாது, நேராக ஆபரேஷன்தான். சரியான பிறகும் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குத் திரும்ப வரலாம்.

இங்கே நம்ம வீடுகளில் பாட்டி கிடையாது. ஊருக்குப் போன் போட்டால் ஓமத் தண்ணீர் கொடு என்பார்கள். கணவருக்கு நைட் ஷிப்ட், இன்ஷூரன்ஸ் கார்டில் எந்த மருத்துவமனை என்ற குழப்பம், சின்ன கிளினிக்கில் காட்டிவிட்டு அங்கிருந்து இன்னொரு இடம். மணி நேரங்கள் இப்படித்தான் கரைகின்றன. அதனால் குழந்தைகளுக்கான சர்ஜன் எந்த மருத்துவமனையில் இருக்கிறார், உங்கள் கார்டு அங்கே செல்லுமா என்பதை இன்றைக்கே விசாரித்து வையுங்கள். விட்டுவிட்டு வரும் அழுகையோடு வாந்தியும் இருந்தால் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். அமீரகத்தில் ஆம்புலன்ஸுக்கு 998.